பக்கவாதமும் வீட்டார் கடமையும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த பிரசங்கம்)



 வழக்கமாக இம்மாதிரிக் கூட்டங்களில் நான் பேசுவது சடங்குகளைப் பற்றியோ, சோதிடத்தைப் பற்றியோ இருக்கும். இன்றைக்கு அதை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு வியாதியைப் பற்றியும், அந்த வியாதி வந்த வீட்டைப் பற்றியும் பேசப்போகிறேன். "இவன் என்ன டாக்டரா, வியாதியைப் பற்றிப் பேச?" என்று சிலர் நினைக்கலாம். நான் டாக்டரல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குழியில் இறங்கினவன். பிறகு படித்ததெல்லாம் இம்மாதிரி வாசகசாலைகளில் படித்ததுதான். ஆனால் பக்கவாதம் என்னும் இந்த வியாதியோடு எட்டு வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தவன் என்கிற ஒரு யோக்கியதை எனக்கு உண்டு.

போன மாதம் ஒரு ஊருக்குக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். அவ்வூர்த் தோழர் ஒருவர் சாப்பாட்டுக்குத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். நல்ல இயக்கத் தோழர். வீட்டில் ஒரு சாமி படம் கிடையாது. தம் கலியாணத்தையே புரோகிதனில்லாமல் செய்துகொண்டவர். அந்த வீட்டின் பின்கட்டில் ஓர் இருட்டறை. அதில் அவருடைய தகப்பனார் எட்டு மாதமாகப் படுத்திருக்கிறார். வலது கை மடங்கி மார்போடு ஒட்டிப்போயிருக்கிறது. பேச்சில்லை. மருமகள் வந்து கஞ்சி ஊட்டிவிட்டுப் போகிறாள். "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இனி என்ன இருக்கிறது? அவர் விதி அவ்வளவுதான்" என்றார்.

தோழர்களே! சாமி படத்தை வெளியே தூக்கி எறிந்த வீட்டுக்குள்ளே விதி மட்டும் எப்படிச் சட்டமாக உட்கார்ந்துகொண்டது? சற்று யோசித்துப் பாருங்கள். "வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொன்னால், "இனி வேலை உங்களுடையது" என்று அர்த்தம். அதை நாம் "இனி ஒரு வேலையும் இல்லை" என்று புரிந்துகொள்ளுகிறோம். இந்த ஒரு தப்பர்த்தத்தினால் எத்தனையோ பேர், எழுந்து நடந்திருக்க வேண்டியவர்கள், பாயோடு பாயாகக் கிடக்கிறார்கள். இதைத்தான் இன்று நான் சொல்ல வந்தேன்.

வியாதி இன்னதென்பது

முதலில் இது என்ன வியாதி? நம்மவர்கள் இதை வாதம் என்றும், பாரிசவாயு என்றும், காற்றுக் கருப்பு அடித்தது என்றும், எவனோ செய்வினை வைத்தான் என்றும் சொல்லிவருகிறார்கள். நாம் மாத்திரம் இப்படிச் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்கள் வைத்த ஸ்ட்ரோக் என்கிற பெயருக்கும் "அடி" என்றுதான் அர்த்தம். யாரோ கண்ணுக்குத் தெரியாதவன் அடித்துவிட்டான் என்று உலகம் பூராவும் நினைத்திருக்கிறார்கள். 1658-ஆம் வருஷத்தில் சுவிட்சர்லாந்து தேசத்து வைத்தியர் வெப்பர் என்பவர், இப்படி விழுந்து செத்தவர்களின் தலையைத் திறந்து பார்த்து, மூளைக்குள் இரத்தக்குழாய் உடைந்து இரத்தம் கசிந்திருப்பதை எழுதிவைத்தார். திறந்து பார்த்தவனுக்குத்தான் உண்மை தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தவனுக்குத் தெரியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் அடைப்பு ஏற்படுகிறது. அல்லது குழாய் வெடித்துவிடுகிறது. பெரும்பாலும் அடைப்புத்தான். வாய்க்காலில் தண்ணீர் நின்றால் அதைச் சார்ந்த வயல் காய்வதுபோல, மூளையின் அந்தப் பாகம் சாகிறது. மூளையின் இடது பக்கம் உடம்பின் வலது பக்கத்தை ஆளுகிறது. வலது பக்கம் இடது பக்கத்தை ஆளுகிறது. ஆகவே மூளையில் இடது பக்கம் கெட்டால் வலது கை கால் விழும். அநேகம் பேருக்குப் பேச்சும் அந்தப் பக்கத்திலேயே இருப்பதால் பேச்சும் போகும். காற்றும் இல்லை, கருப்பும் இல்லை.

முகம் ஒரு பக்கம் கோணினாலும், தூக்கின கை ஒன்று தானே கீழே இறங்கினாலும், பேச்சுக் குழறினாலும், மணி என்ன என்று பார்த்துக்கொண்டு உடனே 108 வண்டிக்குச் சொல்லியனுப்புங்கள். அடைப்பைக் கரைக்க மருந்து இருக்கிறது. ஆனால் படம் எடுத்து, இரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்துகொண்டு, நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட்டாக வேண்டும். எவ்வளவுக்கெவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது. மந்திரிக்கிறவன் வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்த நேரம் போய்விடும்.

என் வீட்டில் நடந்தது

நிற்க. என் வீட்டுக் கதையைச் சொல்லுகிறேன். 2003-ஆம் வருஷம் ஒரு நாள் காலையில் என் தகப்பனார் குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். தறிச்சத்தம் திடீரென்று நின்றது. போய்ப் பார்த்தால் நாடா கீழே கிடக்கிறது; வலது கை தொங்குகிறது; வாய் கோணியிருக்கிறது. அப்போது 108 வண்டியெல்லாம் கிடையாது. உறவினர்கள் கூடினார்கள். ஒருவர் மந்திரிக்கிறவனைக் கூட்டிவந்து கையில் கயிறு கட்டச் சொன்னார். இன்னொருவர் புறா இரத்தம் பூசினால் சரியாகும் என்று புறாவோடு வந்தார். நான் அப்பொழுதே மேடையேறிப் பேசிக்கொண்டிருந்தவன். ஆகையால் கயிற்றையும் புறாவையும் கேலி செய்து துரத்திவிட்டேன். ஆனால் மூன்றாமவர் ஒருவர் கஷாயம் காய்ச்சிக்கொண்டு வந்து, "இது மந்திரமில்லை தம்பி, மூலிகை" என்றார். "அப்படியானால் சரி" என்று, படுத்திருந்த என் தகப்பனார் தலையை நானே பிடித்துக்கொண்டேன். அவர் புகட்டினார். பாதி புரையேறி மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, வாதத்தால் போகாத உயிர் அந்தக் கஷாயத்தால் போகப் பார்த்தது.

தோழர்களே! இதிலிருந்து நான் ஒரு பாடம் படித்தேன். கடவுளை நம்பாதவன் என்பதாலேயே ஒருவன் அறிவாளியாகிவிட மாட்டான். தாயத்தைக் கேலி செய்ய எனக்குத் தெரிந்திருந்தது. வாதம் வந்தவருக்குத் தொண்டை வேலை செய்யாது என்பது தெரிந்திருக்கவில்லை. மறுப்பது பாதி வேலை. தெரிந்துகொள்வது மற்றப் பாதி. அந்த மற்றப் பாதியைச் செய்யாத பகுத்தறிவு மேடைக்கு உதவுமே தவிர, நோயாளிக்கு உதவாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் தப்புக்கள் தீரவில்லை. எழுப்பி உட்கார வைக்க வேண்டுமானால் விழுந்த கையைப் பிடித்து இழுப்போம். சதை தளர்ந்த தோட்பட்டை மூட்டு அதனால் நழுவிப்போய், அவர் சாகிற வரையில் அந்தத் தோள்வலியோடுதான் இருந்தார். இதுவும் விதியல்ல, நாங்கள் இழுத்த இழுப்பு.

செய்யவேண்டியவை

ஆகையால் எனக்குப் பிற்பாடு தெரிந்தவைகளை, நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காகச் சொல்லுகிறேன். தாய்மார்களைவிட ஆண்பிள்ளைகள் இதை நன்றாகக் கேட்கவேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

முதலாவது, சாப்பாடு. விழுங்குகிற சக்தி இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொல்லும் வரையில் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது; தண்ணீரும் கூடாது. பிறகு கொடுக்கும்போதும் படுக்கவைத்துக் கொடுக்கக்கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து, கொஞ்சங் கொஞ்சமாக, விழுங்கினாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கவேண்டும். சாப்பிட்ட பின் அரைமணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். சிலருக்குத் தண்ணீரைவிடக் கூழ் போன்ற கெட்டியான ஆகாரம் சுலபமாக இறங்கும். இருமினாலோ, சாப்பிட்டதும் குரல் களகளவென்று மாறினாலோ, புரையேறுகிறது என்று அர்த்தம். நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

இரண்டாவது, படுக்கை. தாமே புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இராத்திரியிலுந்தான். இடுப்பு, குதிகால், முதுகின் அடிப்பாகம் இவைகளைத் தினம் பார்க்கவேண்டும். ஓர் இடம் சிவந்து, அமுக்கினாலும் அந்தச் சிவப்பு மறையாவிட்டால், அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். அதை அன்றே கவனித்தால் சுலபம். ஒரு வாரம் விட்டால் எலும்பு தெரியும்.

மூன்றாவது, எழுப்புவதும் நடத்துவதும். கையைப் பிடித்து இழுக்காமல், முதுகுக்குப் பின்னால் கைகொடுத்து எழுப்பவேண்டும். நாற்காலியை அவருடைய நல்ல பக்கமாகப் போட்டால், நல்ல காலை ஊன்றி அவரே திரும்பி உட்காருவார். நடக்கும்போது துணைக்கு நிற்பவர் விழுந்த பக்கத்தில் நிற்கவேண்டும். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவேண்டும். கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றலாம். இந்த அற்பம் தெரியாமல் நாங்கள் ஒரு சட்டைக்குக் கால்மணி நேரம் போராடியிருக்கிறோம்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத குறைகள். மூளையின் வலது பாகம் கெட்டவர்களில் சிலருக்கு இடது பக்கம் என்று ஓர் உலகம் இருப்பதே மறந்துபோகும். இலையில் வலது பக்கத்துச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இடது பக்கம் வைத்த கறியைத் தொடாமல் "கறி வைக்கவில்லையே" என்று கோபித்துக்கொள்வார்கள். கண் பார்வை கெட்டதல்ல, கவனம் கெட்டது. அவர்களைத் திட்டாமல், அந்தப் பக்கம் பார்க்கும்படி ஞாபகப்படுத்தவேண்டும். சிலர் காரணமில்லாமல் அழுவார்கள், சிரிப்பார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு பிடிக்கிறது. அதற்கும் வைத்தியம் உண்டு. "முன்னே நல்ல மனுஷன், இப்போது குணம் கெட்டுப்போயிற்று" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கை மறந்துபோகும் விதம்

இவ்வளவும் நோயாளியைக் காப்பாற்றும் காரியம். காப்பாற்றினால் போதாது, திரும்ப மனிதனாக்க வேண்டும். அங்கேதான் நம் அன்பே நமக்கு விரோதியாக வந்து நிற்கிறது.

மூளையில் செத்த பாகம் திரும்ப உயிர் பெறுவதில்லை. ஆனால் உயிரோடு இருக்கும் பக்கத்துப் பாகங்கள், பழக்கினால், செத்த பாகத்தின் வேலையில் கொஞ்சங் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். முதல் மூன்று மாதத்தில் இது வேகமாக நடக்கும். பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல் நடக்கும். பழக்காவிட்டால் நடக்காது. அமெரிக்க தேசத்து டாப் என்னும் மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர் ஒன்று கண்டுபிடித்தார். விழுந்த கையை உபயோகிக்க முயன்று முயன்று தோற்றவன், நல்ல கையாலேயே எல்லாம் செய்யப் பழகிவிடுகிறான். பிறகு விழுந்த கையில் கொஞ்சம் சக்தி திரும்பி வந்தாலும் அதை உபயோகிப்பதில்லை, கையையே மறந்துவிடுகிறான். ஆகவே அவர் நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிப்போட்டு, விழுந்த கையாலேயே நாள் முழுதும் வேலை வாங்கினார். 2006-இல் வெளிவந்த ஒரு பரீட்சையில், மணிக்கட்டையும் விரலையும் கொஞ்சமாவது அசைக்கக்கூடிய 222 பேரைப் பார்த்தார்கள்; இரண்டு வாரம் இப்படிப் பழகினவர்களின் கை, பழகாதவர்களின் கையைவிட நன்றாக வேலை செய்தது. இதை டாக்டரைக் கேட்காமல் நீங்களே செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதிலுள்ள நியாயத்தைத்தான் பாருங்கள்: உபயோகிக்காத கை மறந்துபோகிறது.

அவசரப்படுவதும் கூடாது. வாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி அடிக்கடி நடத்திப் பார்த்த ஒரு பெரிய பரீட்சையில் அது கெடுதலாகவே முடிந்தது என்று 2015-இல் எழுதியிருக்கிறார்கள். டாக்டர் சொன்ன நாளில் ஆரம்பித்து, ஆரம்பித்தபின் விடாமல் செய்வதே முறை.

என் தாயார் என் தகப்பனாருக்கு எல்லாம் செய்தார். ஊட்டினார், உடுத்தினார், தலை சீவினார். ஊரே அவரைப் பதிவிரதை என்று புகழ்ந்தது. ஆறு வருஷம் என் தகப்பனார் ஒரு டம்ளரைத் தம் கையால் எடுத்ததில்லை. 2009-இல் என் தாயார் இறந்துபோனார். வேறு வழியில்லாமல் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கோ சட்டை மாட்டக்கூடத் தெரியாது. பித்தானைப் போட நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, என் தகப்பனார் பொறுமை இழந்து என் கையைத் தட்டிவிட்டுத் தம் இடது கையால் தாமே போட ஆரம்பித்தார். ஒரு பித்தானுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. மூன்று மாதத்தில் நாலு பித்தானையும் போட்டார். துணியைப் பிடித்துக்கொள்ள வலது கையும் கொஞ்சம் ஒத்தாசை செய்தது. ஆறு வருஷ அன்பு செய்யாததை என் கையாலாகாத்தனம் செய்தது!

சுயமரியாதை என்று மேடையில் பேசுகிறோமே, அது படுத்திருக்கிறவருக்கு வேண்டாமா? விக்கிரகத்தைத்தான் குளிப்பாட்டி, உடுத்தி, படையல் காட்டி உட்காரவைப்பார்கள். அது ஒன்றும் செய்யாது. நம் வீட்டு மனிதனை நாம் விக்கிரகமாக்கலாமா? அவர் செய்யக்கூடியதை அவரே செய்யவிட்டு, முடியாததற்கு மட்டும் கைகொடுத்து, நேரமானாலும் காத்திருப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

பேச்சும் அப்படித்தான். என் தகப்பனாருக்கு "ஆமா" என்கிற ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. காப்பி வேண்டுமென்றாலும் "ஆமா", வேண்டாமென்றாலும் "ஆமா". பேச்சுப்போனால் புத்தியும் போயிற்று என்று எண்ணி அவருக்கு முன்னாலேயே, "இது எப்போது முடியுமோ" என்று பேசினவர்கள் உண்டு. அவர் கண்ணில் நீர் வழியும். 1861-இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் புரோக்கா, ஒரே ஓர் ஒலியைத் தவிர வேறு பேசமுடியாத நோயாளி ஒருவரைப் பரிசோதித்தார். அவர் பிறர் பேசுவதைப் புரிந்துகொண்டிருந்தார். இறந்தபின் பார்த்ததில் மூளையின் இடது முன்பாகத்தில் ஓரிடம் கெட்டிருந்தது. ஆகவே வார்த்தை போவது வேறு, புத்தி போவது வேறு. ஒரு கேள்வியாகக் கேளுங்கள், படத்தையோ பொருளையோ காட்டிக் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள், அவருக்காக நீங்கள் வாக்கியத்தை முடித்துவிடாதீர்கள்.

லெனினுக்கு 1922-இல் முதல் வாதம் வந்தது. 1923 மார்ச்சில் வந்தது வலது கை காலோடு பேச்சையும் கொண்டுபோயிற்று. உலகத்தையே பேசிக் கலக்கினவர் பேச்சில்லாமல் மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கோர்க்கியிலிருந்த வீட்டில் கிடந்தார். அவருடைய மனைவி குரூப்ஸ்காயா அம்மையார் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் பழகினவர். அவர் குழந்தைக்குச் சொல்லித்தருவதுபோல் வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தார். இடது கையால் எழுதப் பழக்கினார். அவ்வருஷம் இலையுதிர் காலத்தில் லெனின் தடியை ஊன்றி நடந்தார். அக்டோபரில் மாஸ்கோவுக்குப் போய்வந்தார். 1924 ஜனவரியில் வியாதி அவரைக் கொண்டுபோய்விட்டது. முடிவில் வியாதி ஜெயித்தது என்பது உண்மைதான். என்றாலும் அந்தக் கடைசி மாதங்களில் அவர் கிடந்த பிணமாக இல்லை, படித்த மாணாக்கராக இருந்தார். வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

என் தாயார் இறந்தார் என்றேன். எப்படி இறந்தார் என்று சொல்லவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் என் தகப்பனாரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்துவிட்டு எழுந்தவர் அப்படியே விழுந்தார்; மூன்று நாளில் முடிந்துபோயிற்று. அவருக்கும் அதே வியாதிதான். இரத்த அழுத்தம் மிஞ்சிப்போயிருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாதாமாதம் என் தகப்பனாரை இரத்த அழுத்தம் பார்க்க அழைத்துப்போனது அவர்தான். அந்த ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் நின்ற அவர் கையிலும் அந்தப் பட்டையைச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த ஆறு வருஷமும் நான் ஊர் ஊராகப் போய்ப் பெண்விடுதலை பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கொரு தடவை எழுந்தவர் இரவில் எப்போது தூங்கினார் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. மலஜலம் எடுக்கும் பாத்திரத்தை அந்த ஆறு வருஷத்தில் நான் தொட்டதில்லை.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்களில் எத்தனை பேர் வீட்டில் இது நடக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்வதற்காகச் சொல்லுகிறேன். ஆண்பிள்ளைக்கு வாதம் வந்தால் பெண்டாட்டி பார்க்கிறாள். பெண்டாட்டிக்கு வந்தால் மகளோ மருமகளோ பார்க்கிறாள். ஆண்பிள்ளை டாக்டரிடம் பேசுவான், மருந்து வாங்குவான், அத்தோடு தன் கடமை தீர்ந்ததென்பான். பணிவிடை செய்வது பெண்களுக்கு இயற்கை என்று நாம் சொல்லுகிறோம். இயற்கையானால் என் தாயார் ஏன் விழுந்தார்? எனக்கு எப்படி ஒரு வாரத்தில் அந்த வேலை வந்தது?

ஆகவே வீட்டில் ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: காலையில் யார், இராத்திரி பக்கம் மாற்றுவது யார், பயிற்சி செய்விப்பது யார், துணி துவைப்பது யார் என்று. ஆண்பிள்ளைகள் பெயரும் அதில் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளாவது அந்த அம்மாளுக்கு விடுமுறை கொடுங்கள். நோயாளிக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் நாளில் அந்த அம்மாளுக்கும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களாகிய நீங்கள், "எப்படியிருக்கிறார்?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகாமல், "நான் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளுகிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று சொல்லுங்கள்.

வீட்டாரால் மட்டும் முடியுமா?

இத்தனையும் சொல்லிவிட்டு, "எல்லாம் வீட்டார் கையில்தான் இருக்கிறது" என்று முடித்தால் நான் உங்களை ஏமாற்றினவனாவேன். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 நோயாளிகளை வைத்து ஒரு பரீட்சை நடந்தது. பாதிப்பேரின் வீட்டாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, வீட்டாரே நோயாளிக்குப் பயிற்சி செய்விக்கும்படி விட்டார்கள். மற்றப் பாதிப்பேருக்கு வழக்கமான முறை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறர் உதவியிலேயே இருப்பவர்களும் இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு 47. வித்தியாசமே இல்லை! 2017-இல் இது வெளிவந்தது. நமக்குப் பிடித்த முடிவல்ல. என்றாலும் பிடிக்காத உண்மையை மறைப்பது புரோகிதர் வேலை, நம் வேலையல்ல.

இதற்கு அர்த்தம் என்ன? வீட்டார் ஒன்றும் செய்யவேண்டாம் என்பதல்ல. புரையேறாமல் ஊட்டுவதும், புண் வராமல் புரட்டுவதும், மரியாதை கெடாமல் நடத்துவதும் வீட்டாரைத் தவிர வேறு யார்? ஆனால் கொஞ்ச நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தேர்ந்த தொழிலாளியின் வேலையை வீட்டார் தலையில் கட்டிவிட முடியாது என்பதுதான் அர்த்தம். மேல்நாடுகளில் சில இடங்களில் டாக்டர், நர்ஸ், உடற்பயிற்சி வைத்தியர், பேச்சுப் பழக்குகிறவர் இவர்கள் ஒரு கூட்டாகச் சேர்ந்து, நோயாளியைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பி, வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வியாதி மிகவும் கடுமையாக இல்லாதவர்களுக்கு அதனால் நல்ல பலன் கிடைப்பதாகத் தெரிந்திருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் துவக்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருவதும், படுத்திருப்பவர்களுக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி வைத்தியமும் நர்ஸ் உதவியும் கொடுப்பதும் அதன் காரியங்கள். வாதம் வந்தவர் உள்ள வீட்டார் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுத்து, "எங்கள் வீட்டுக்கு எப்போது வருவீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு தடவை வந்து போனால் திரும்ப எப்போது என்று கேளுங்கள். அது தருமமல்ல, உங்கள் வரிப்பணம். அன்றியும், 2016-ஆம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டப்படி, குறை நூற்றுக்கு 40-க்குக் குறையாமலிருந்தால் சான்றிதழ் பெறலாம். அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பார்த்துக்கொள்பவருக்கான படி என்றும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. சட்டத்தில் எழுதியது வீட்டுக்கு வந்துசேர வேண்டுமானால், கேட்கிறவர்கள் கூட்டமாகக் கேட்கவேண்டும்.

இன்னும் ஒன்றே ஒன்று. ஒரு தடவை வந்தவருக்குத் திரும்ப வரும் பயம் அதிகம். 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து இறந்தார். அன்றைக்கு அவருடைய இரத்த அழுத்தம் 300-ஐ எட்டியிருந்தது. பெரிய டாக்டர்கள் பக்கத்திலிருந்தும், அதைக் குறைக்க ஒரு நல்ல மாத்திரை அன்று உலகத்திலேயே இல்லை. உலகத்துப் பெரிய பணக்கார தேசத்தின் தலைவனுக்குக் கிடைக்காத மாத்திரை இன்று கூலிக்காரனுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது. நாமோ, "இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று பத்து நாளில் நிறுத்திவிடுகிறோம். மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறீர்கள்! டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். பீடி, சுருட்டு, புகையிலையை விட்டுவிடுங்கள்; உப்பைக் குறையுங்கள்.

தோழர்களே! நான் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டாம். டாக்டரைக் கேளுங்கள், படித்துப் பாருங்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் இன்றிரவே செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ, உங்கள் தெருவிலோ, ஓர் இருட்டறையில் ஒருவர் கிடந்தால், அவரை முன்கட்டுக்கோ திண்ணைக்கோ கொண்டுவந்து மனிதர் நடுவில் உட்காரவையுங்கள். அவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை இன்றிரவு தூங்கச் சொல்லுங்கள். இராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பக்கம் மாற்றும் வேலையை, இங்கே கைதட்டுகிற ஆண்பிள்ளைகளே, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். என் தாயாருக்கு நான் செய்யாததை உங்கள் வீட்டு அம்மாளுக்கு நீங்கள் செய்தால், நான் இங்கு வந்து இவ்வளவு நேரம் பேசியது வீண்போகவில்லை என்று எண்ணிக்கொள்வேன்.